வார்த்தை எங்கே சிக்குகிறது? எஃப்.டி.டி. வந்தவரின் பேச்சோடு பழக ஒரு வழிகாட்டி

என் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "அந்த நகவெட்டியைக் குடுங்கண்ணா" என்று கை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். "நகவெட்டின்னா என்ன பாப்பா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முகத்தில் நிஜமான சந்தேகம். கேட்டுவிட்டு, கையில் இருந்த நகவெட்டியால் அடுத்த விரலைச் சுத்தமாக வெட்டத் தொடங்கினார்.

அப்போது அவருக்கு வயது 57. வீட்டுக் கணக்கு, பிறந்தநாள், நேற்று யார் வந்தார்கள் என்பதெல்லாம் பிசகாமல் சொல்வார். அதனால் டிமென்ஷியா என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. காது மந்தமாகிவிட்டதோ என்று அண்ணி காது டாக்டரிடம் கூட்டிப்போனார். காது சரியாக இருந்தது. வேலை அழுத்தம் என்று ஒருவர் சொன்னார், மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். இப்படியே ஒன்றரை வருடம் போய்விட்டது. உங்கள் வீட்டில் அந்த ஒன்றரை வருடம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா, சுருக்கமாக எஃப்.டி.டி., மூளையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலையும் காதுகளை ஒட்டிய பக்கமடலையும் மெல்ல மெல்லச் சுருங்கவைக்கும் நோய். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. ஆரம்பத்தில் ஞாபகத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை, குணத்தையோ பேச்சையோதான் முதலில் பிடிக்கிறது. 1892இல் பிராக் நகரில் ஆர்னால்டு பிக் என்ற மருத்துவர் முதன்முதலில் விவரித்த நோயாளியும் பேச்சு கெட்டுப்போனவர்தான். பேச்சு மட்டும் தனியாகத் தேய்ந்துகொண்டே போகும் வகையை 1982இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் தனியாகப் பிரித்துக் காட்டினார். பிற்பாடு அதற்கு பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா என்று பெயர் வந்தது. மருத்துவ அறிக்கையில் பி.பி.ஏ. என்று இருந்தால் இதுதான். நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அஃபேசியா, அதாவது மூளைப் பாதிப்பால் வரும் பேச்சுக் கோளாறு, என்று அவர் குடும்பம் 2022இல் சொன்னது. அது எஃப்.டி.டி. என்று 2023 பிப்ரவரியில் தெரிவித்தார்கள். முதலில் பேச்சுக் கோளாறு என்று மட்டும் தெரிந்து, பிறகு நோயின் முழுப் பெயர் தெரியவருவது பல வீடுகளிலும் நடப்பதுதான்.

நான் சொல்லப்போவதில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: "பேச வரவில்லை" என்பது ஒரே பிரச்சினை இல்லை. வாயில் சிக்குகிறதா, வாக்கியத்தில் சிக்குகிறதா, சொல்லின் பொருளே போய்விட்டதா, பேச வேண்டும் என்ற உந்துதலே இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒருவருக்கு உதவுவது இன்னொருவரை வதைக்கும். நாங்கள் ஆறு மாதம் அப்படி வதைத்தோம்.

படி 1: ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு நோட்டு போடுங்கள். "சரியாகப் பேசவில்லை" என்று எழுதாதீர்கள், அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். எந்த வார்த்தைக்குத் திணறினார், அதற்குப் பதிலாக என்ன சொன்னார், எந்தக் கேள்விக்கு முழித்தார், எப்போதிலிருந்து இப்படி. அவருக்குச் சம்மதம் என்றால் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். பரிசோதனை அறையில் பத்து நிமிடம் சமாளித்துவிடுபவர்கள் உண்டு. அந்த ஐந்து நிமிடப் பதிவுதான் எங்கள் டாக்டருக்குக் கதவைத் திறந்தது.

ஒரு எச்சரிக்கை. எஃப்.டி.டி. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வருவது. திடீரென்று சில நிமிடங்களில் பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். நோட்டை ஓரமாக வைத்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

படி 2: எங்கே சிக்குகிறது என்று பிரித்துப் பாருங்கள்

2011இல் நிபுணர்கள் கூடி பி.பி.ஏ.வை மூன்றாக வகுத்தார்கள். அதோடு, குணம் மாறும் வகையில் பேச்சு மாறுவதையும் சேர்த்தால் நான்கு. வீட்டில் இருந்தபடி நோயைத் தீர்மானிக்க முடியாது, அது டாக்டர் வேலை. ஆனால் எங்கே சிக்குகிறது என்று கவனிக்க நம்மால் முடியும்.

முதல் வகையில் பேச்சு திக்கித் திக்கி, முக்கி முக்கி வரும். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும், வாய்க்கு அது வசப்படாது. ஒரே சொல்லை மூன்று முறை சொல்லச் சொன்னால் மூன்று விதமாகத் தப்பும். சொல் நீளமாக நீளமாகச் சிரமம் கூடும். அப்புறம் இலக்கணம் உதிரத் தொடங்கும். தமிழில் இதை விகுதிகளிலும் உருபுகளிலும் பார்க்கலாம். "நேற்று டாக்டரிடம் போனேன்" என்பது "நேத்து... டாக்டர்... போ..." என்று மொட்டையாக நிற்கும். தனித்தனிச் சொற்கள் புரியும், ஆனால் "ராமு அடித்த பையனை யார் கூப்பிட்டது?" போன்ற சுற்றுவழி வாக்கியம் குழப்பும். "ஆமாம்" என்று சொல்ல நினைத்து "இல்லை" என்பதும், தலையை மாற்றி ஆட்டுவதும் இந்த வகையில் அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது வகை என் அண்ணனுடையது. பேச்சு தங்குதடையில்லாமல் ஓடும், உச்சரிப்பும் இலக்கணமும் நன்றாகவே இருக்கும். ஆனால் சொற்களின் பொருள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கும். அரிதாகப் புழங்கும் சொற்கள் முதலில் போகும். அவற்றின் இடத்தில் "அது", "அந்தச் சாமான்", "இதுக்கு இருக்குமே அது" என்று வந்து உட்காரும். கழுதை, ஆடு, நரி எல்லாமே "நாய்" ஆகிவிடும். அவர் "அப்படின்னா என்ன?" என்று கேட்டால் அதை உடனே நோட்டில் எழுதிவிடுங்கள். மற்ற வகைகளில் சொல் நாக்கு நுனியில் நிற்கும், இதில் சொல்லே அந்நியமாகிவிடுகிறது. பிந்தி, பொருட்களையும் முகங்களையும் அடையாளம் காண்பதும் குறையலாம். மூளையின் வலப்பக்கத்தில் நோய் தொடங்கினால் முகங்களே முதலில் மறக்கலாம்.

இந்த வகையில் தமிழ்க் குடும்பங்கள் ஏமாந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது. தமிழ் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கும் மொழி. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும், பொருள் தெரியாமலே ஒரு பக்கத்தை உரக்கப் படித்துவிடலாம். அண்ணன் செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை மளமளவென்று படிப்பார். "இவ்வளவு அழகா படிக்கிறவருக்கு என்ன நோய்?" என்று வந்தவர்கள் எல்லாரும் எங்களைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். படித்து முடித்ததும் அதில் ஒரு வரியைக் காட்டி "இது என்ன சொல்லுதுண்ணா?" என்று கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. ஆங்கிலம் படித்தவர்களிடம் இது வேறு விதமாக வெளிப்படும். எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டித் தப்பாக வாசிப்பார்கள்.

மூன்றாவது, லோகோபெனிக் வகை. பேச்சின் நடுவே சொல் தேடி நிற்பார்கள், நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாது. பொருள் போகாது, நாக்கும் நன்றாகவே புரளும். இந்த வகைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது எஃப்.டி.டி. இல்லை, அல்சைமர். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல, அதனால்தான் இதைப் பிரித்தறிவது முக்கியம்.

நான்காவது, குணமாற்ற வகை. வாயும் சொல்லும் கெடுவதற்கு முன்பே பேசும் ஆர்வம் வற்றிவிடும். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சிலர் எதிர்மாறாக ஒரே கதையை, ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நாம் கேட்ட கேள்வியையே எதிரொலிப்பார்கள். முகத்துக்கு நேரே மனம் நோகப் பேசுவார்கள். கிண்டல், குத்தல் எதுவும் பிடிபடாது. இதைத் திமிர் என்றும் பாசமில்லை என்றும் எடுத்துக்கொண்டு பிரிந்துபோன குடும்பங்களை நான் அறிவேன். அது முன்மடலின் சேதம். அவர் வேண்டுமென்று செய்வதில்லை.

வகைகளுக்கு நடுவே சுவர் எதுவும் கிடையாது. வருடங்கள் ஓட ஓட ஒன்று மற்றொன்றில் கலக்கும்.

படி 3: சரியான ஆளிடம் போங்கள்

போக வேண்டியது நரம்பியல் மருத்துவரிடம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தைராய்டு, வைட்டமின் பி12 போன்ற ரத்தப் பரிசோதனைகள், காது கேட்கும் திறன், மனச்சோர்வு எல்லாம் பார்ப்பார்கள். சரிசெய்யக்கூடிய வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய இவை தேவை. பல இடங்களில் செய்யும் சுருக்கமான ஞாபகச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பேச்சை வைத்து நடப்பது. பேச்சு போனவர் ஞாபகம் இருந்தும் தோற்றுவிடுவார், குணம் மட்டும் மாறியவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். விரிவான மொழிச் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். அவர் வீட்டில் பேசும் மொழியில், பேச்சு வழக்கில் கேட்கச் சொல்லுங்கள். அச்சடித்த செந்தமிழ்க் கேள்விக்கு நல்ல உடம்போடு இருப்பவர்களே முழிப்பார்கள். இரண்டு மொழி புழங்குபவர் என்றால் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

பேச்சு குழறலோடு நாக்குத் துடிப்பது, கை கால் மெலிவது, தண்ணீர் புரையேறுவது என்று ஏதாவது இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எஃப்.டி.டி. உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் மோட்டார் நியூரான் நோயும் சேர்ந்து வருகிறது. நெருங்கிய உறவில் யாருக்காவது இளம் வயதில் டிமென்ஷியாவோ இந்த நோயோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எஃப்.டி.டி. சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. சொல்லின் பொருள் மறக்கும் வகை அப்படி வருவது அரிது.

மருந்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இந்த நோயை நிறுத்தும் மருந்து இன்று இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் போன்றவை எஃப்.டி.டி.யில் பயன் தருவதாகத் தெரியவில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டிவிடும். கோபம், பதற்றம், அடக்க முடியாத பழக்கங்களுக்கு டாக்டர் வேறு மருந்து தரலாம். பேச்சைப் பொறுத்தவரை நமக்குக் கிடைக்கும் பெரிய துணை ஸ்பீச் தெரபிஸ்ட்தான். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சை மீட்பது போல இதில் மீட்க முடியாது. தெரபிஸ்டின் வேலை, இருக்கும் பேச்சை நீட்டித்து வைப்பதும், போகப்போவதற்கு மாற்று வழி அமைப்பதும். இந்த நோயைப் பார்த்த அனுபவம் உண்டா என்று தயங்காமல் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேச்சு ஓரளவு இருக்கும்போதே தொடங்குவது முக்கியம்.

படி 4: சிக்கும் இடத்துக்கு ஏற்றபடி பேசுங்கள்

எல்லாருக்கும் பொருந்துவதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவியை அணையுங்கள். எதிரே, முகம் தெரிய உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். பேச்சை மாற்றும்போது "சரி, இப்ப சாப்பாட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள். குழந்தையிடம் பேசும் கொஞ்சு குரல் வேண்டாம்.

இனி வகைக்கு வகை வேறு.

வாயில் சிக்குபவருக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி நேரம். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது முதல் நாள்தான் தெரியும். சொல்லை நீங்களே எடுத்துக் கொடுக்கும் முன் "நான் முடிக்கவா?" என்று கேளுங்கள். அவருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் சிலருக்குச் சொல் வந்துவிடும். எழுதிக் காட்டச் சொல்லுங்கள், தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், ஆரம்பக் கட்டத்தில் வாயைவிடக் கை நன்றாகப் பேசும்.

"ஆமாம், இல்லை" குழப்பத்துக்கு எங்கள் பராமரிப்பாளர் குழுவில் ஓர் அம்மா சொன்ன வழி எனக்குப் பிடித்தது. தன் கணவரிடம் "ஜன்னலைச் சாத்தணுமா?" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலோடு விடமாட்டார். எழுந்துபோய்க் கொக்கியில் கை வைத்துக்கொண்டு திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பார். வாய் என்ன சொல்லியிருந்தாலும் முகம் பொய் சொல்லாது என்பார். இரண்டு பொருள் என்றால் இரண்டையும் தூக்கிக் காட்டுங்கள், அவர் தொடட்டும். மருந்து, பணம், வலி என்று வந்தால் ஒருமுறை கேட்டு வந்த ஆமாம்-இல்லையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சொல்லின் பொருளைத் தொலைத்தவரிடம் இதே வழிகள் பலிக்காது. நாங்கள் செய்த தப்பு இங்கேதான். அண்ணனுக்குப் பயிற்சி கொடுப்பதாக நினைத்து, நானும் அண்ணியும் ஆளுக்கொரு பொருளைத் தூக்கி "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். "சீ... சீ..." என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தோம். சீப்பு என்ற சொல்லே அவருக்குள் இல்லாதபோது "சீ" என்ன செய்யும்? ஒரு நாள் மேசையை விட்டு எழுந்துபோய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். அன்றோடு தேர்வு வைப்பதை நிறுத்தினோம்.

இவர்களுக்குச் சொல்லைவிடப் படம் நல்லது, படத்தைவிட நிஜப் பொருள் நல்லது, பொருள் வழக்கமான இடத்திலேயே இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது. "குளிக்கப் போலாமா?" என்று கேட்பதோடு துண்டைக் கையில் கொடுங்கள். சோப்பு பிராண்டை மாற்றாதீர்கள், உறையின் நிறம் மாறினால்கூட அது அவருக்கு வேறு பொருள் ஆகிவிடலாம். அவர் சொல்லும் வார்த்தையைத் திருத்தாமல் நீங்களும் அதையே சொல்லுங்கள். அண்ணனுக்குப் பிரிட்ஜ் "குளிர்ப்பெட்டி" ஆகி, பிறகு வெறும் "பெரிய வெள்ளை" ஆனது. நாங்களும் "பெரிய வெள்ளையில் தண்ணி இருக்கு" என்றோம். அவர் போய் எடுத்துக்கொண்டார்.

சொற்பயிற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. அன்றாடம் தேவைப்படும் இருபது முப்பது சொற்களை, அவர் வீட்டுப் பொருட்களின் போட்டோவை வைத்து, தினமும் கொஞ்ச நேரம் பயிற்சி செய்தால் அவற்றை அதிக காலம் தக்கவைக்க முடிகிறது. பயிற்சி கொடுத்த சொற்கள்தான் நிற்கும், அதைப் பார்த்து மற்றவை தானாக வராது. நிறுத்தினால் மெதுவாக நழுவும். விடையைக் கேட்காமல், படத்தைக் காட்டி நீங்களே பெயரைச் சொல்லி, அவர் கூடச் சொல்லட்டும். தப்புச் செய்ய வாய்ப்பே தராமல் கற்றுக்கொடுக்கும் முறை இது.

உந்துதல் வற்றியவரிடம் "என்ன வேணும்?" என்ற திறந்த கேள்வி கிணற்றில் போட்ட கல். "காபியா, பாலா?" என்று இரண்டைக் கொடுங்கள். சேர்ந்து ஏதாவது செய்துகொண்டே பேசுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பதிலை எழுதி அவர் கண் படும் இடத்தில் ஒட்டுங்கள். வெளியாரிடம் மனம் நோகப் பேசிவிட்டால் அவரைக் கண்டிப்பதில் பலன் இல்லை, மெல்ல நகர்த்திவிட்டு நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள்.

பலருக்கும் போன் பேச்சுதான் முதலில் கைவிட்டுப்போகும். முகமும் சைகையும் அதில் இல்லை. வீடியோ அழைப்புக்கு மாறுங்கள்.

படி 5: பேச்சு இருக்கும்போதே செய்து வையுங்கள்

இதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். செய்ய நினைக்கும்போது பெரும்பாலும் தாமதமாகிவிட்டிருக்கிறது.

அவருடைய குரலைப் பதியுங்கள். வாயில் சிக்கும் வகையிலும் மோட்டார் நியூரான் நோய் சேர்ந்தவர்களுக்கும் இது அவசரம். "சாப்பிட்டாச்சா?", "கொஞ்சம் தனியா விடு", பேரன் பேத்தியைக் கூப்பிடும் செல்லப் பெயர், அவருக்கே உரிய அதட்டல் எல்லாம் அவர் குரலிலேயே இருக்கட்டும். அவரது குரலைக் கொண்டு எழுதியதைப் பேசிக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. எந்தச் செயலியானாலும் கைப்பழக்கம் இப்போதே வர வேண்டும். பொருள் தொலைக்கும் வகைக்கு எழுதிப் பேசும் செயலி அவ்வளவாக உதவாது, எழுதவும் சொல் வேண்டுமே.

ஒரு பேச்சுப் புத்தகம் தயார் செய்யுங்கள். மெல்லிய ஆல்பம் போதும். வீட்டாரின் படங்கள் பெயரோடு, அறைகள், துணிமணி, சாப்பாடு, வலிக்கும் இடத்தைக் காட்ட ஓர் உடம்புப் படம். ஒரு பக்கத்துக்கு நாலைந்து படத்துக்கு மேல் வேண்டாம்.

சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கட்டும்: "எனக்கு மூளை நோயால் பேசுவதில் சிரமம். நான் குடித்திருக்கவில்லை. பொறுமையாகப் பேசுங்கள்." கீழே வீட்டு எண். குழறிய பேச்சைக் கேட்டுக் குடிகாரர் என்று இறக்கிவிடப்பட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர்.

பணம், கையெழுத்து, பாஸ்வேர்டு, உயில், வருங்காலச் சிகிச்சையில் அவருக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்பதை எல்லாம் அவர் வாயாலேயே கேட்டு எழுதிவிடுங்கள். பேசத் திணறுவதாலேயே முடிவெடுக்கத் தெரியாது என்று ஆகிவிடாது. வாயில் சிக்கும் வகையில் தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். அதனாலேயே மனச்சோர்வு வரும், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குணமாற்ற வகையில் நிலைமை நேர் எதிர். தனக்கு ஒன்றுமில்லை என்பார், யார் போனில் கேட்டாலும் பணம் அனுப்பிவிடுவார். அங்கே சட்டப்படியான ஏற்பாட்டை ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது.

படி 6: விழுங்குவதைக் கவனியுங்கள்

பேச உழைக்கும் தசைகள்தான் விழுங்கவும் உழைக்கின்றன. குடிக்கும்போது இருமல், சாப்பிட்டபின் தொண்டையில் நீர் கட்டியது போன்ற குரல், சாப்பாட்டு நேரம் நீள்வது, எடை குறைவது, அடிக்கடி நெஞ்சுச் சளி என்று எதைப் பார்த்தாலும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள், விழுங்குவதைச் சோதிப்பவரும் அவர்தான். நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள், வாயில் கவளம் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். சிலர் மெல்லாமலே வாயில் திணித்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சின்னத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும்.

படி 7: பேச்சு நின்ற பிறகு

பலருக்கும் ஒரு கட்டத்தில் பேச்சு நின்றுவிடும். அதன் பிறகு அவர் உடம்புதான் பேசும். புதிதாகக் கத்துகிறார், தூங்கவில்லை, தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார் என்றால் "நோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் பல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காதுவலி, இறுகிய துணி, குளிர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாட்டும் மனப்பாடமான வழிபாட்டு வரிகளும் ஒன்று இரண்டு எண்ணுவதும் பேச்சு போன பின்னும் சிலரிடம் தங்கியிருக்கும். கூடச் சேர்ந்து சொல்லுங்கள். நீங்கள் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அறைக்குள் வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இதை ஒருவரே தாங்க முடியாது. எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு மாலை அண்ணி வெளியே போவார், நான் இருப்பேன். முதலில் அவர் குற்ற உணர்ச்சியில் அரை மணியில் திரும்பிவிடுவார். பிறகு பழகிக்கொண்டார். உங்களால் முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்வதும் நோயாளியின் நிலவரத்தைச் சொல்வதில் சேர்ந்ததுதான்.

முதல் வாரத்தில் தொடங்கிய நோட்டு எங்களிடம் பின்னாளில் ஓர் அகராதியாகவே மாறிவிட்டது. இடப்பக்கம் அண்ணன் சொன்னது, வலப்பக்கம் அதற்கு எங்களுக்குப் புரிந்த பொருள். உதவிக்கு வரும் பெண் முதல் நாளே அதைப் படித்துவிட்டுத்தான் அவர் அறைக்குள் போவார். பக்கங்கள் போகப் போகச் சொற்கள் குறைந்து, கடைசியில் அவரிடம் "சரி" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அந்தப் பக்கம் அண்ணியின் கையெழுத்தில் இருக்கிறது. "சரி, நீட்டினால்: தண்ணீர். சரி சரி, வேகமாக: பாத்ரூம். சரி என்று கண்ணை மூடினால்: வெளிச்சம் கூசுகிறது, திரையை இழு. சரி, மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு: போகாதே, உட்கார்."